எப்பிடி நோகுது?

பல் நோவு வந்தால் எனக்கு மனித முகம் பார்க்கப் பிடிக்காது. அன்றைக்கும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு கடைசிக் கதிரையில் இருந்தேன். கிளிநொச்சியில் ஓர் இரும்புச் சாமான் கடையின் மேல்மாடி. யப்பான் மொழி வகுப்பின் முதல் நாள். பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் திரும்பி என்னைப் பார்த்தார். பெயரைக் கேட்கவில்லை. எந்த ஊர் என்றும் கேட்கவில்லை.

“எப்பிடி நோகுது?” என்றார்.

“பல்லு நோகுது.”

“அது பாக்கத் தெரியுது. எப்பிடி நோகுது?”

“நோகுதெண்டால் நோகுது. அதிலை என்ன எப்பிடி?”

“குத்துதோ, உளையுதோ, கடுக்குதோ? இல்லாட்டி விண் விண் எண்டு இடிக்குதோ?”

“எனக்கு விசர் வருது,” என்றேன்.

“அப்ப விண் விண் தான். அதுக்குத்தான் விசர் வாறது,” என்றார், கொஞ்சமும் கோபிக்காமல்.

பல்லைப் பிடுங்கிய பிறகுதான் அவரோடு கதைக்க எனக்கு மனம் வந்தது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். பெயரைப் போட்டால் ஜெயபுரத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதை அவர் விரும்பமாட்டார்.

நாடு முழுவதும் எண்ணெய்க்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நின்ற வருடம் போன பிறகு, வன்னியில் ஆளுக்கொரு பாஷை படிக்கத் தொடங்கினோம். யப்பானில் வயது போனவர்கள் கூடுதலாம், பார்க்க ஆள் இல்லையாம். இங்கே ஆட்கள் இருக்கிறோம், வேலை இல்லை. கிழவன் கிழவிகளைக் குளிக்க வார்த்து, தூக்கி இருத்தி, சோறு தீத்தத் தெரிந்தால் போதும், பாஷையும் தெரிந்தால் விசா கிடைக்கும் என்றார்கள். எனக்குச் சோறு தீத்துகிற பொறுமையெல்லாம் கிடையாது. அப்பாவின் வயல் இரண்டு போகமும் கையைக் கடித்ததால் போனேன். அக்கா அப்படி வரவில்லை. அவர் அந்த வேலைக்கென்றே பிறந்தவர் மாதிரி வந்திருந்தார்.

அவருடைய தாய் தகப்பன் கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்களுடைய ஆட்கள் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வாய்க்கால் தண்ணீரை நம்பி உருத்திரபுரத்துக்கு வந்தவர்கள். அதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு கெப்பர், ஒரு திமிர் உண்டு, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். அக்காவுக்கு இரண்டு பக்கத்துத் தமிழும் வரும். எங்களுக்கு நோ, அவர் தாய்க்கு வலி. எங்களுக்கு உளைவு, அவர்களுக்குக் குடைச்சல். “ரெண்டும் ஒண்டில்லை தங்கச்சி,” என்பார். “உளைவு பரந்து நிக்கும். குடைச்சல் ஒரே இடத்திலை நிண்டு துளைக்கும்.” இப்படி ஒரு ஆராய்ச்சி தேவையா என்று நான் சிரிப்பேன்.

பாடம் எடுத்தவர் வவுனியாக்காரர். யப்பானில் ஒரு மீன் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். ஆசிரியரை அந்தப் பாஷையில் சென்செய் என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் நோவுச் சொற்களைப் படிப்பித்த நாளை நான் மறக்கமாட்டேன். யப்பான்காரர் நோவைச் சும்மா நோ என்று விடுவதில்லையாம். ஒவ்வொரு நோவுக்கும் ஓர் ஒலி வைத்திருக்கிறார்கள். ஊசி ஏறினமாதிரி என்றால் சிக்குசிக்கு. தோல் எரிந்தால் ஹிரிஹிரி. தலைக்குள் சம்மட்டி விழுந்தால் கங்கங். சென்செய் ஒவ்வொன்றுக்கும் நடித்துக் காட்டினார். கங்கங் என்று தன் தலையில் அடித்துக்கொண்டபோது கீழே கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு பலகையில் ஸுகிஸுகி என்று எழுதினார்.

“எல்லாரும் கைநாடியைப் பிடியுங்கோ,” என்றார். பிடித்தோம். “துடிக்குதோ? அந்தத் துடிப்புக்கு ஒருக்கால் நோகவேணும். அதுதான் ஸுகிஸுகி. கத்தி வெட்டினவுடனை நோகிறதுக்கு இதைச் சொல்லக்கூடாது. வயித்து நோவுக்கும் சரிவராது. சூத்தைப் பல்லு, சீழ் கட்டின புண், ஒருபக்கத் தலையிடி, பழைய காயம். உள்ளுக்கை இன்னொரு இதயம் இருந்து அடிக்கிறமாதிரி இருக்கவேணும்.”

“எங்கடை விண் விண் தான் சென்செய்,” என்றார் அக்கா.

“கிட்டத்தட்ட அதுதான். ஆனால் பாவிக்கிறதிலை வித்தியாசம் இருக்கு. எங்கடை சனம் விண் விண் எண்டு வீட்டிலை புலம்பும். ஆஸ்பத்திரிக்குப் போனால் நோகுது எண்டு ஒரு சொல்லோடை குளிசையை வாங்கிக்கொண்டு வந்திடும். அங்கை அப்பிடியில்லை. டொக்ரருக்கு முன்னாலை இருந்து ஸுகிஸுகி எண்டுதான் சொல்லுவினம். அவரும் அதைத்தான் கேப்பார். எப்பிடி நோகுது, ஸுகிஸுகியோ, சிக்குசிக்குவோ எண்டு.”

அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“கேப்பினமோ?”

“என்னத்தை?”

“எப்பிடி நோகுதெண்டு. டொக்ரர்மார் வாயாலை கேப்பினமோ?”

“ஓம். நீங்கள் போனால் நீங்களும் கேக்கவேணும். அது உங்கடை வேலையிலை ஒண்டு.”

“அதுக்குச் சம்பளமும் தருவினமோ?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். சென்செய் பாடத்தை முடிக்கிற அவசரத்தில், இந்தச் சொல்லை மனசு நோகிறதுக்கும் பாவிக்கலாம் என்றார்.

“மனசை விடுங்கோ சென்செய். உடம்புக்கே இப்பதான் ஒரு சொல்லுக் கிடைச்சிருக்கு,” என்றார் அக்கா.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. முந்தியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், இப்போது உத்தியோகமாகக் கேட்கத் தொடங்கினார். அவர் தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர். அங்கே பிள்ளைகள் அவருக்கு நோவக்கா என்று பட்டம் வைத்திருந்தார்கள். ஜெயபுரம் பஸ்ஸில் ஒருநாள் ஒரு மனிசி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏற, அக்கா வழக்கம்போலக் கேட்டார். “நீ என்ன டொக்ரரோ?” என்று மனிசி சீறி விழுந்தது. “இல்லையம்மா, சும்மா கேக்கிறன்,” என்றார் அக்கா. கொஞ்ச நேரம் மூஞ்சையைத் தூக்கி வைத்திருந்த மனிசி, பிறகு மெல்லத் தொடங்கி, இடுப்பு, முழங்கால், மருமகள் என்று கதைத்துக்கொண்டே போய், தான் இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிவிட்டது. இறங்கும்போது அக்காவின் கன்னத்தைத் தடவி முத்தம் கொஞ்சிவிட்டுப் போனது. அந்த மனிசிக்கு அக்கா ஒரு மருந்தும் சொல்லவில்லை. அவருக்கு மருந்து ஒன்றும் தெரியாது.

“உங்களுக்கு உந்த விசர் எப்ப பிடிச்சது?” என்று ஒருநாள் கேட்டேன்.

சண்டை முடிகிற காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கி வைத்திருந்தார்களாம். அக்காவும் அங்கே காயத்தோடு கிடந்திருக்கிறார். பக்கத்தில் சீமெந்து நிலத்தில் ஒரு தாய் நோகுது, நோகுது என்று கத்திக்கொண்டே கிடந்தாவாம்.

“எல்லாரும் கத்தினது, ஆர் ஆரைப் பாக்கிறது? எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. குடுக்கத் தண்ணியும் இல்லை. அதாலை, எப்பிடி நோகுதம்மா எண்டு கேட்டன். அவ கத்துறதை விட்டுட்டுச் சொல்லத் தொடங்கினா. வடிவாய்ச் சொன்னா, தங்கச்சி. இஞ்சை இப்பிடி, அங்கை அப்பிடி எண்டு. நான் கேக்கக் கேக்கச் சொல்லிக்கொண்டிருந்தா.”

“பேந்து?”

“பேந்து சொல்லேல்லை.”



அவரை நான் உண்மையாக மதிக்கத் தொடங்கியது என் அப்பாவால். ஒரு சனிக்கிழமை வகுப்பு இழுத்துவிட, ஜெயபுரம் பஸ் போய்விட்டது. அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அப்பாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மீள்குடியேறின புதிதில் வயலைத் துப்புரவாக்கப் போய் மிதிவெடியில் போனது. பின்னேரமானால் பொய்க்காலைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு, முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் எல்லோரையும் ஏசிக்கொண்டு கிடப்பார். சோற்றில் கல் என்பார், வானொலியில் செய்தி பிழை என்பார். அவருடைய குணமே அதுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அக்கா வந்த கையோடு ஒரு பலகைக் கட்டையை இழுத்துப் போட்டுக் காலடியில் இருந்தார்.

“ஐயா, எப்பிடி நோகுது?”

குசினிக்குள் இருந்து அம்மா சிரித்தா. “கால் இல்லைப் பிள்ளை. பேந்து நோ எங்காலை?”

அப்பா ஏசப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் அக்காவைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“விரல் எரியுது. பெருவிரல். தணலுக்கை வைச்சமாதிரி.”

“எந்த நேரமும் எரியுமோ, விட்டு விட்டோ?”

“பொழுதுபடத் தொடங்கும். சில நேரம் காலை ஆரோ பின்பக்கமாய்த் திருப்பி வைச்சிருக்கிற மாதிரி இருக்கும். நேராக்கவேணும் போலை கிடக்கும். எதைப் பிடிச்சு நேராக்கிறது?”

அம்மா ஈரக்கையோடு வெளியே வந்து கதவடியில் நின்றா. இத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எங்கள் இருவருக்கும் இது தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று அம்மா அழுதுகொண்டே கேட்டா. “இல்லாத கால் நோகுதெண்டால் விசர் எண்டுவியள்,” என்றார் அப்பா.

“எரியிறதுக்கு யப்பானிலை ஹிரிஹிரி எண்டு சொல்லுவினம் ஐயா,” என்றார் அக்கா.

“கிரிகிரி,” என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அக்கா திருத்தவில்லை.

அன்றிலிருந்து அப்பா சனிக்கிழமைகளுக்குக் காத்திருந்தார். அக்கா வந்தால் அந்தக் கிழமைக் கதையெல்லாம் ஒழுங்காக வரும். நோ குறைந்ததா என்று கேட்டால், ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் சோற்றில் கல் இருக்கிறதென்று ஏசுவது நின்றுவிட்டது. எனக்கு அக்காவைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போல இருக்கும். நான் அப்படி அழுகிற ஆள் இல்லை என்பதால் அழவில்லை.

அக்காவுக்கு யப்பான் ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லவேண்டும். அவர் கலியாணம் செய்யவில்லை. தன்னுடைய தங்கச்சியின் குடும்பத்தோடு இருந்தார். தங்கச்சி நல்ல பிள்ளைதான், புருஷனும் குடிக்காத மனிசன். ஆனால் அக்கா படுக்கிற இடம் நெல் மூட்டையும் உரப்பையும் அடுக்கிய அறையின் ஒரு மூலை. அந்த அறைக்குக் கதவு கிடையாது, பழைய சீலைதான் தொங்கியது. வேலைக்கு எடுக்கப்போகிற யப்பான் முதியோர் இல்லத்திலிருந்து, வேலை செய்கிறவர்கள் தங்குகிற அறையின் படத்தை அனுப்பியிருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு சின்ன மேசை, ஒரு கேத்தில், ஒரு யன்னல். அக்கா அந்தப் படத்தைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்.

“உதிலை பார் தங்கச்சி, கதவிலை பூட்டு. திறப்பு என்ரை கையிலை இருக்கும். பிறந்த நாளிலை இருந்து நான் ஒரு கதவைப் பூட்டினது கிடையாது. கொட்டில், பங்கர், முகாம், இப்ப உந்தச் சீலை.”

“குளிர் ஐஸ் மாதிரி இருக்குமாம், அக்கா.”

“இருக்கட்டுமன். கதவைப் பூட்டிப்போட்டு நடுங்குவன்.”

அந்த இல்லம் முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆள் எடுப்பதில்லை. அக்காவுக்கு அடுத்த வைகாசியில் முப்பத்தைந்து முடிகிறது. மற்ற இடங்களும் இளம் பிள்ளைகளைத்தான் கேட்டார்கள். வருகிற நேர்முகம் தப்பினால் பிறகு கிடையாது என்று சென்செய் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அக்கா எழுத்துப் பரீட்சையில் எங்களையெல்லாம் தாண்டிப் பாஸானார்.

எல்லோருடைய நோவையும் கேட்கிற மனிசி தன்னுடையதைப் பற்றி வாய் திறந்ததில்லை. மழைக்காலத்தில் கதிரையில் சாயாமல் நிமிர்ந்தே இருப்பார். “என்னக்கா, நோகுதோ?” என்றால், “ஒண்டுமில்லை,” என்பார். முதுகில் செல் துண்டு ஒன்று கிடக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அதை பீஸ் என்போம். அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. எங்கள் வகுப்பில் மூன்று நான்கு பேருக்கு உடம்பில் பீஸ் இருந்தது. சென்செய்க்கே கெண்டைக்காலில் ஒன்று. இன்னாருக்குக் கன்னத்தில் மச்சம் என்று சொல்கிற மாதிரி, இன்னாருக்குத் தோளில் பீஸ் என்று சொல்லிவிட்டுப் போவோம். அதை ஒரு நோய், வருத்தம் என்று எங்களில் எவருமே நினைத்ததில்லை. இந்தக் கதையில் கெட்டதெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

நேர்முகம் மார்கழியில் வந்தது. மூன்று மூன்று பேராகக் கணினிக்கு முன்னால் இருத்தினார்கள். என்னோடு அக்காவும், புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பிள்ளையும். வெள்ளைச் சட்டை, இழுத்துக் கட்டிய தலைமயிர். வெளியே மழை சோவென்று கொட்டியது. மின்சாரம் நின்றுவிடக்கூடாது என்று சென்செய் எல்லாக் கடவுளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திரையில் நரைத்த தலையோடு ஓர் அம்மா, அந்த இல்லத்தின் தலைவி. பக்கத்தில் கோட் போட்ட ஒருவர். அந்த அம்மாவின் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. நல்ல மனிசி என்று பார்த்தவுடன் தெரிந்தது.

பொழுதுபோக்கு என்ன என்று என்னைக் கேட்டா. நான் பாடமாக்கிய வசனம் பாதியில் செத்துப்போனது. புதுக்குடியிருப்புப் பிள்ளை பாடமாக்கியதை மூச்சு விடாமல் ஒப்புவித்தது. பிறகு அக்காவின் முறை. ஒரு முதியவர் முழங்கால் ஸுகிஸுகி என்று நோகுது என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டா. அக்கா அழகாகச் சொன்னார். பக்கத்தில் இருப்பேன், எப்போதிருந்து என்று கேட்பேன், தாதியிடம் சொல்லுவேன். அந்த அம்மாவுக்கு அக்காவைப் பிடித்துவிட்டது. பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டா, சிரித்துக்கொண்டு, வீட்டு ஆளிடம் கேட்கிற மாதிரி.

“ஸுகிஸுகி என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?”

அக்காவை அதுவரை வாழ்க்கையில் ஒருவரும் கேட்டிராத கேள்வி அது. இப்போது யோசித்தால் விளங்குகிறது. அன்றைக்கு எனக்கு அவருடைய குரல் மாறியது மட்டும்தான் தெரிந்தது.

“ஓம், தெரியும்,” என்று அந்தப் பாஷையிலேயே தொடங்கினார். “என் முதுகில் ஓர் இரும்பு இருக்கிறது. யுத்தத்தில் வந்தது. மழை நாளில், குளிர் நாளில் ஸுகிஸுகி என்று நோகும். இதயம் அடிக்கும்போது அதுவும் அடிக்கும். இன்றைக்கும் மழை. இப்போதும் நோகிறது.”

ஒரு பிழையில்லை. அந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டா. கண் கலங்கிவிட்டது. எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறீர்கள் என்று சொல்லி, இருந்த இடத்திலிருந்து தலை குனிந்து வணங்கினா. கோட்காரர் குனிந்து ஏதோ எழுதினார்.

அக்கா வெளியே வந்து என் கையை இறுகப் பிடித்தார். கை சுட்டது.

“சரியாய்ச் சொன்னனான்தானே? சொல்லுப் பிழைக்கேல்லைத்தானே?”

“திறம்!” என்றார் சென்செய். “அந்த மனிசி அழுதிட்டுது. உங்களை எடுக்காமல் ஆரை எடுக்கிறது?”

நாங்கள் நாலு பேரும் கீழே இறங்கி, எதிர்க்கடையில் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம். அக்கா ஆளுக்கொரு சோடாவும் எடுத்துத் தந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

முடிவு தைப்பொங்கலுக்கு முதல் வந்தது. புதுக்குடியிருப்புப் பிள்ளைக்குக் கிடைத்தது. எனக்கு இல்லை, அது நான் எதிர்பார்த்ததுதான். அக்காவுக்கும் இல்லை. சென்செய் கொழும்பில் ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்குத் தொலைபேசி எடுத்துச் சண்டை பிடித்தார். அங்கிருந்தவர்கள் ஆறுதலாக விளக்கம் சொன்னார்களாம். தலைவியம்மாவுக்கு அக்காவை மறக்க முடியவில்லையாம். இரண்டு தரம் அவரைப் பற்றிக் கூட்டத்தில் கதைத்தாவாம். முதுகில் இரும்போடு இருக்கிற ஒரு பெண்ணை, பனி கொட்டுகிற ஊருக்குக் கூப்பிட்டு, ஆட்களைத் தூக்கச் சொல்வது பாவம், அப்படிச் செய்ய மனம் ஒப்பவில்லை என்று சொல்லிவிட்டாவாம்.

“பாவமாம்,” என்றார் சென்செய். “நான் போகேக்கை என்ரை காலிலையும் இருந்தது. எனக்கு அப்ப உந்தச் சொல்லுத் தெரியாது. அதாலை தப்பினன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. வேறு இல்லம் பார்ப்போம், அடுத்த முறை சொல்லாமல் விடுவோம் என்று கத்தினேன்.

“எந்த அடுத்த முறை தங்கச்சி?” என்றார் அக்கா. பிறகு, “இஞ்சை ஒருத்தரும் எனக்குப் பாவம் பாத்ததில்லை. பாத்த ஒரே ஆள் கதவைச் சாத்திப்போட்டா,” என்றார். அழவில்லை. தொலைபேசியை எடுத்து, அந்த அறையின் படத்தை எனக்கு முன்னாலேயே அழித்தார்.

சில கிழமை கழித்து யப்பானிலிருந்து அவருக்கு ஒரு பொதி வந்தது. அந்த அம்மா அனுப்பியிருந்தா. முதுகில் ஒட்டினால் சூடு தருகிற ஒட்டுகள், ஒரு பெட்டி நிறைய. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஸுகிஸுகி என்று அச்சடித்திருந்தது. எங்கள் எல்லோருக்கும் அதை வாசிக்கத் தெரியும்.

அக்கா வகுப்பை விட்டுவிட்டார். தையல் தொழிற்சாலைக்குப் போகிறார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலிப் படலையைப் பார்ப்பார். “அந்தப் பிள்ளை வரேல்லையோ?” என்பார். என்ன சொல்வது? வேலை கூடுதல் என்று சொல்லிவைத்தேன். பங்குனியில் ஒருநாள் அக்கா வந்தார். மெலிந்திருந்தார். கையில் அந்தப் பெட்டி.

படலைச் சத்தம் கேட்டதும் அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். தானே பொய்க்காலைக் கழற்றிச் சுவரில் சாத்தினார். சாரத்தை மடித்து விட்டுக்கொண்டார். “பிள்ளைக்குத் தேத்தண்ணி வையப்பா,” என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்.

“வா பிள்ளை, இரு. உனக்கெண்டு வைச்சிருக்கிறன். இப்ப எரியிறேல்லை. இது வேறை. கணுக்காலடியிலை நிண்டு இடிக்குது. நாடி பாத்தனான், அதே கணக்குத்தான். உதுக்கு நீ ஒரு சொல்லுச் சொன்னனி, ஸுகி எண்டு என்னவோ.”

அம்மா தேத்தண்ணியை விட்டுவிட்டுக் கதவடிக்கு வந்து நின்றா. அப்பா அந்தப் பலகைக் கட்டையைக் கைத்தடியால் அக்காவின் பக்கம் தள்ளிவிட்டார். அக்கா அதில் இருக்கவில்லை. பெட்டியைக் கதிரைச் சட்டத்தில் வைத்தார்.

“வயசு போனால் அப்பிடித்தான் ஐயா. ரெண்டு குளிசையைப் போட்டுட்டுப் படுங்கோ,” என்றார். “இதையும் வைச்சிருங்கோ, ஆருக்கும் உதவும். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“ஓம் பிள்ளை,” என்றார் அப்பா. மடித்து விட்ட சாரத்தை மெல்ல இறக்கிவிட்டார்.

நான் சந்திவரைக்கும் அக்காவோடு நடந்து போனேன். பஸ்ஸில் ஏறி யன்னல் பக்கம் இருந்தார். பக்கத்தில் ஒரு கிழவி தோளைப் பிடித்துக்கொண்டு முனகியபடி இருந்தது. அக்கா வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு போனார்.

ஒட்டுப் பெட்டி எங்கள் அலுமாரிக்கு மேலே அப்படியே கிடக்கிறது. இல்லாத காலில் அதை எங்கே ஒட்டுவது? அப்பா திரும்பவும் சோற்றில் கல் என்று ஏசத் தொடங்கிவிட்டார். பொழுதுபடும் நேரத்தில் முகம் சுருங்குவதைப் பார்த்து, நான் அந்தப் பலகைக் கட்டையில் இருந்து கேட்டேன்.

“அப்பா, எப்பிடி நோகுது?”

வேலியைப் பார்த்துக்கொண்டு, “ஒண்டுமில்லை,” என்றார்.